திருக்குறள் எத்தனை புத்தகம்?

(தரவுத்தள வடிவமைப்பில் உருபொருளும் பண்பும் குறித்து, நூலகவியல், கணினியியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். ஒரு நூலக அலமாரியில் திருக்குறள் பரிமேலழகர் உரைப் பதிப்பு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. மு. வரதராசனாரின் தெளிவுரை மூன்று பிரதிகள். ஜி.யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று. அந்த அலமாரியில் எத்தனை புத்தகம் இருக்கிறது?

ஆண்டு இருப்புச் சரிபார்க்க வந்தவர் ஆறு என்பார். நூற்பட்டியல் தயாரிப்பவர் மூன்று என்பார். தமிழாசிரியர், எல்லாம் திருக்குறள்தானே, ஒன்று என்பார். மூவர் சொல்வதும் சரி. அவரவர் வேலைக்கு அவரவர் எண்ணிக்கை பொருந்துகிறது. மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால், யார் எதைச் சொல்கிறார் என்று குறிப்பறிந்து புரிந்துகொள்வார்கள். கணினிக்குக் குறிப்பறியத் தெரியாது. "புத்தகம்" என்று ஓர் அட்டவணை போட்டு அதற்குள் தகவலை ஏற்றச் சொன்னால் அது ஏற்றிக்கொண்டே போகும். எதை எண்ணுகிறோம் என்று நாம் முடிவு செய்யாமல் விட்ட குழப்பம், அந்த அட்டவணை இருக்கும் வரை உள்ளேயே இருக்கும்.

தரவுத்தள வடிவமைப்பின் இதயம் இந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மென்பொருள் மாறும், கணினி மொழி மாறும், சேமிக்கும் இடம் மாறும். எது தனிப் பொருள், எது அதன் பண்பு என்று முதல் நாளில் எடுத்த முடிவு மட்டும் எல்லாவற்றையும் தாண்டி வாழும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் தனியாக அடையாளம் காட்டக்கூடிய, தகவல் சேர்த்துவைக்க விரும்புகிற எதுவும் உருபொருள். ஆங்கிலத்தில் என்டிட்டி என்கிறார்கள். அது மனிதராக இருக்கலாம், பொருளாக இருக்கலாம், இடமாகவோ நிகழ்ச்சியாகவோ இருக்கலாம். அதைப் பற்றி நாம் குறித்துவைக்கும் ஒவ்வொரு செய்தியும் பண்பு, அதாவது அட்ரிபியூட். உறுப்பினர் என்பது ஓர் உருபொருள் வகை. இன்று காலை உறுப்பினர் அட்டை வாங்கிப்போன மாணவி அந்த வகையில் ஒருத்தி. அவள் பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் பண்புகள். அட்டவணையாக வரும்போது வகைக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கு ஒரு வரி, பண்புக்கு ஒரு நெடுவரிசை.

இந்தச் சிந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970 ஜூன் மாதம், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவுகளை எளிய அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுமுறை மாதிரியை வெளியிட்டார். அட்டவணைகளை எப்படிச் சீர்படுத்துவது, ஒரே செய்தி பல இடங்களில் திரும்பத் திரும்ப வராமல் எப்படிப் பிரிப்பது என்பதற்கு அவர் கணித அடித்தளம் தந்தார். ஆனால் வெளியுலகைப் பார்த்து, இதில் எது எதற்கு அட்டவணை வேண்டும் என்று பேசுவதற்கு ஒரு மொழி தேவைப்பட்டது. அதை 1976 மார்ச்சில் பீட்டர் சென் தந்தார். தைவானில் பிறந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய அவர், உலகத்தை உருபொருள்களாகவும் அவற்றுக்கு இடையிலான உறவுகளாகவும் பார்க்கும் ஒரு மாதிரியை முன்வைத்தார். இன்று வகுப்பறையில் உருபொருளுக்குச் செவ்வகம், உறவுக்குச் சாய்சதுரம், பண்புக்கு நீள்வட்டம் என்று வரைகிறோமே, அந்த வரைபட மரபு அவரிடமிருந்து கிளைத்ததுதான்.

1978-இல் ஐ.பி.எம்.மைச் சேர்ந்த வில்லியம் கென்ட் "டேட்டா அண்ட் ரியாலிட்டி" என்ற நூலை எழுதினார். ஒரு பொருள் என்று எதைச் சொல்கிறோம் என்பதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று புத்தகம். நூல் என்றால் எழுதப்பட்ட படைப்பா, கையில் இருக்கும் பிரதியா என்று அவர் கேட்டார். ஆகவே நூலகத்தையே நம் களமாக வைத்துக்கொள்வோம்.

புதிதாகத் தரவுத்தளம் அமைப்பவர் பெரும்பாலும் ஒரே அட்டவணைதான் போடுவார். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, அலமாரி எண், எடுத்துப்போனவர் பெயர், திருப்பித் தர வேண்டிய தேதி. பார்ப்பதற்கு நிறைவாகத்தான் இருக்கும். மூன்று பிரதி இருந்தால் தலைப்பை மூன்று முறை தட்டச்சு செய்வார்கள். ஒன்றில் "திருக்குறள்" என்றும், இன்னொன்றில் "திருக்குறள் தெளிவுரை" என்றும், மூன்றாவதில் ஓர் எழுத்துப் பிழையோடும் பதிவாகும். ஆசிரியர் ஓரிடத்தில் மு.வ., ஓரிடத்தில் மு. வரதராசன், ஓரிடத்தில் வரதராசனார். தேடுகிற வாசகருக்கு ஒரு பிரதி கிடைக்கும், இரண்டு கிடைக்காது. ஒரு நூலின் கடைசிப் பிரதி தொலைந்துபோய் அந்த வரியை நீக்கினால், அப்படி ஒரு நூல் இருந்தது என்ற செய்தியும் சேர்ந்து போய்விடும். வாங்க முடிவு செய்து இன்னும் வந்துசேராத நூலைப் பதியவே வழி இருக்காது, ஏனென்றால் அதற்கு அலமாரி எண் கிடையாது. சேர்க்கும்போது ஒரு சிக்கல், திருத்தும்போது ஒரு சிக்கல், நீக்கும்போது ஒரு சிக்கல். மூன்றுக்கும் வேர் ஒன்றே. பல உருபொருள்களை ஒரே வரிக்குள் திணித்திருக்கிறோம்.

நூலக உலகம் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டது. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா, நூற்பட்டியல்களில் உள்ள செய்திகளை உருபொருள் பகுப்பாய்வு முறையில் ஆராய்ந்து 1998-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எஃப்.ஆர்.பி.ஆர். என்று அதை அழைப்பார்கள். "புத்தகம்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள் நான்கு உருபொருள்கள் இருப்பதை அது பிரித்துக் காட்டியது.

முதலாவது படைப்பு. வள்ளுவர் இயற்றிய திருக்குறள் என்னும் அறிவாக்கம். இரண்டாவது வெளிப்பாடு. அதே படைப்பு தமிழ் மூலமாக ஒரு வெளிப்பாடு; வீரமாமுனிவர் 1730-இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் தந்தது ஒரு வெளிப்பாடு; போப் 1886-இல் ஆங்கிலத்தில் தந்தது வேறொரு வெளிப்பாடு. மூன்றாவது பதிப்பு. குறள் முதன்முதலாக 1812-இல் அச்சேறியது. அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பதிப்பகங்கள் எத்தனையோ அளவில், எழுத்தில், தாளில் அதை வெளியிட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பதிப்பு. நான்காவது பிரதி. அலமாரியில் இருக்கும், அட்டை கிழிந்த, யாரோ நன்கொடையாகக் கொடுத்துக் கையெழுத்திட்ட அந்த ஒன்று.

இந்த நான்கையும் பிரித்தவுடன், பண்புகள் தங்கள் வீட்டைத் தாமே தேடிப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. இயற்றியவர் யார் என்பது படைப்பைச் சேர்ந்தது. மொழி வெளிப்பாட்டைச் சேர்ந்தது; படைப்புக்கு மொழி என்று எழுதினால் போப்பின் மொழிபெயர்ப்பை எங்கே வைப்பது? பக்க எண்ணிக்கையும் பதிப்பகமும் வெளியான ஆண்டும் பதிப்பைச் சேர்ந்தவை. ஐ.எஸ்.பி.என். எண்ணும் அப்படித்தான். 2007 முதல் 13 இலக்கமாகிவிட்ட அந்த எண் ஒரு பதிப்பைக் காட்டும், ஒரு பிரதியைக் காட்டாது. பிரதியைக் காட்டுவது நூலகர்கள் அக்சஷன் எண் என்று சொல்லும் சேர்க்கை எண். ஐ.எஸ்.பி.என். இருக்கும்போது இன்னோர் எண் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மூன்று பிரதிகளுக்கும் ஒரே ஐ.எஸ்.பி.என். இருக்கும்போது, தொலைந்தது எது என்று அதை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அச்சிட்ட விலை பதிப்பின் பண்பு. புத்தகக் காட்சியில் கழிவு போக நாம் கொடுத்த தொகை பிரதியின் பண்பு. நன்கொடையாக வந்த பிரதிக்கு முதல் விலை உண்டு, இரண்டாவது இல்லை. "விலை" என்று ஒரே நெடுவரிசை போட்டால் இரண்டும் கலந்து, ஆண்டுக் கணக்கு இடிக்கும்.

இனி உரைகள். பரிமேலழகர் உரை குறளின் இன்னொரு வெளிப்பாடா? எஃப்.ஆர்.பி.ஆர். நோக்கில் உரை தனிப் படைப்பு. அது குறளோடு "இதற்கு உரை" என்ற உறவால் இணைகிறது. நம் மரபுக்கும் இது பொருந்தும். பரிமேலழகரை ஆசிரியராகக் கொண்டு, அவர் உரைநயத்தையே தனியாக ஆராய்கிறோம் அல்லவா? தமிழில் உரைமரபு அடர்த்தியானது. மூலத்துக்கு உரை, உரைக்கு விளக்கம், விளக்கத்துக்குக் குறிப்பு என்று அடுக்கடுக்காகப் போகும். "உரையாசிரியர்" என்பதை நூலின் ஒரு பண்பாக மட்டும் வைத்தால் இந்த அடுக்கு சிதைந்துவிடும். உரையைத் தனி உருபொருளாக வைத்தால் எத்தனை அடுக்கு வந்தாலும் தாங்கும். ஆக, அலமாரியில் இருப்பது ஒரே படைப்பு என்ற தமிழாசிரியரின் விடையைக்கூட இன்னும் நுட்பமாகச் சொல்ல இந்தப் பகுப்பு உதவுகிறது.

அடுத்தது இரவல். "திருப்பித் தர வேண்டிய தேதி" யாருடைய பண்பு? பிரதியின் பண்பா? பிரதி அலமாரியில் இருக்கும்போது அதற்கு அப்படி ஒரு தேதி இல்லை. உறுப்பினரின் பண்பா? அவர் மூன்று நூல் எடுத்திருந்தால் மூன்று தேதி. அது இருவரிடமும் இல்லை. இருவருக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது. உறவுக்கும் பண்பு உண்டு என்பதை இங்கே காண்கிறோம். அதே உறுப்பினர் அதே பிரதியைச் சென்ற ஆண்டும் எடுத்தார், இந்த ஆண்டும் எடுத்தார் என்று வரலாறு வேண்டுமானால், அந்த இரவலையே ஓர் உருபொருளாக உயர்த்த வேண்டும். எடுத்த தேதி, தர வேண்டிய தேதி, தந்த தேதி, தண்டத் தொகை எல்லாம் அதன் பண்புகள் ஆகும்.

பண்புகளிலும் வகை உண்டு. வயது என்று ஒரு கட்டம் போடாதீர்கள். பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். எழுதிவைத்த வயது அடுத்த பிறந்தநாளிலேயே பொய்யாகிவிடும். முகவரி பல உறுப்புகள் சேர்ந்தது. அஞ்சல் குறியீட்டை வைத்து உறுப்பினர்களைத் தேட வேண்டுமென்றால் அதைப் பிரித்து வையுங்கள். ஒரு நூலுக்குத் தொகுப்பாசிரியர் மூவர் இருக்கலாம். ஆசிரியர் 1, ஆசிரியர் 2, ஆசிரியர் 3 என்று நெடுவரிசை போட்டால் நாளை நால்வர் தொகுத்த நூல் வரும். ஒன்றுக்கு மேல் வரக்கூடியதற்குத் தனி அட்டவணைதான் வழி. தானாக அடையாளம் காட்ட முடியாத உருபொருளும் உண்டு. "மலர் 12, இதழ் 4" என்று மட்டும் சொன்னால் எந்தப் பத்திரிகை என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகையின் பெயரைத் துணைக்கு அழைத்தால்தான் அந்த இதழுக்கு அடையாளம் கிடைக்கும். இதை வலுவற்ற உருபொருள் என்கிறோம்.

எதைப் பண்பாக வைப்பது, எதை உருபொருளாக உயர்த்துவது என்று தடுமாறும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அதைப் பற்றி மட்டும் தனியாக நாம் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறதா? ஒரு பொருளுக்கு அது ஒன்றுக்கு மேல் இருக்க முடியுமா? பல பொருள்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றனவா? ஒன்றுக்காவது ஆம் என்று விடை வந்தால் அதைத் தனி உருபொருளாக்க வேண்டுமா என்று நின்று யோசியுங்கள். சிறு நூலகத்துக்குப் பதிப்பகம் வெறும் பெயராக இருந்தால் போதும். பதிப்பகங்களுக்கு ஆர்டர் அனுப்பி, பில் வாங்கி, பணம் செலுத்தும் நூலகத்துக்கு அது தனி உருபொருள். விடை பொருளில் மட்டும் இல்லை, நம் தேவையிலும் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் மண்ணில் பிறந்த ஒரு பேரறிஞரை நினைக்காமல் மேலே செல்ல முடியாது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்நாளில் உலகெங்கும் பரவியிருந்த டூயி பகுப்பு முறை, பாடங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி எண் கொடுத்து வைத்தது. புதிய பாடம் பிறந்தால் அதற்கு இடம் தேட வேண்டியிருந்தது. லண்டனில் படித்த காலத்தில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டபோது, சில அடிப்படைத் துண்டுகளை இணைத்து எத்தனையோ உருவங்கள் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது என்பார்கள். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, பாடத்தைக் கூறுகளாகப் பிரித்து இணைக்கக் கற்றுத்தந்தது. பின்னாளில் அந்தக் கூறுகளைத் தனித்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைகளில் அடக்கினார். சாத்தியமான எல்லாவற்றையும் பட்டியலிடுவதைவிட, எந்தக் கோணங்களிலிருந்து ஒன்றை விவரிக்கலாம் என்று கண்டறிவது மேல் என்று அவர் காட்டினார். தரவுத்தளம் என்ற துறை பிறப்பதற்கு முன்பே ஒரு நூலகர் இந்த வழியில் நடந்திருக்கிறார். நூலகம் வளரும் உயிர் என்பது நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி. வளர்ச்சிக்கு இடம் வைக்காத தரவுத்தளம் அந்த விதியை மீறுகிறது.

அவருடைய பெயரையே பாருங்கள். எஸ். என்பது ஷியாலி, அதாவது சீர்காழி என்ற ஊர். ஆர். என்பது தந்தை ராமாமிர்தம். உ.வே. சாமிநாதையருக்கும் அப்படியே, உத்தமதானபுரம் ஊர், வேங்கடசுப்பையர் தந்தை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டே கட்டங்கள் கொண்ட படிவத்தில் இவர்களை எப்படி நிரப்புவது? பெயர் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ ஒருவர் தம் ஊர் வழக்கத்தை வைத்து முடிவு செய்திருக்கிறார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைய முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது. குடும்பப்பெயர் வழக்கமே இல்லாத தமிழர்களுக்கு இது எத்தனை பெரிய கவலை! இரண்டு கட்டங்களில் அடங்காத பெயர் பயணத்தையே நிறுத்தக்கூடும்.

பெயர் ஓர் எளிய பண்பு என்று நினைப்பவர்கள் தமிழ் எழுத்தாளர் பட்டியலை ஒருமுறை தொகுத்துப் பார்க்கட்டும். சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவர். ரா. கிருஷ்ணமூர்த்தியும் கல்கியும் ஒருவர். ஆனால் "கல்கி" என்பது அவர் தொடங்கிய பத்திரிகையும்கூட. ஒரே சொல், இரண்டு உருபொருள். பெயரை அடையாளமாக வைத்தால் ஒருவர் இருவராவார், ஆளும் பத்திரிகையும் ஒன்றாகிவிடும். இஃப்லா 2017-இல் வெளியிட்ட புதிய மாதிரியில் பெயரே ஒரு தனி உருபொருளாக உயர்ந்திருக்கிறது. ஒருவருக்குப் பல பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எழுத்து வடிவம், மொழி, வழங்கிய சூழல் என்று பண்புகள். பல பெயரில் எழுதுவதையே மரபாகக் கொண்ட தமிழுக்கு இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு.

அடையாள எண்ணிலும் இதே கவனம் வேண்டும். உறுப்பினரைக் கைபேசி எண்ணால் அடையாளம் காணும் பழக்கம் பரவிவருகிறது. ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஒரே கைபேசி இருக்கும். எண்ணைக் கைவிட்டால் சில காலம் கழித்து அது வேறொருவருக்குப் போகும். கைபேசி எண் பண்பாக இருக்கட்டும். அடையாளத்துக்கு மாறாத, பொருள் ஏதும் ஏற்றாத ஓர் எண்ணை நூலகமே தரட்டும்.

மாணவ நண்பர்களே, இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டவணைக்கும் மேலே "இதில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது?" என்று கேட்டு, விடையை முழு வாக்கியமாகத் தமிழில் எழுதுங்கள். "ஒரு வரி என்பது இந்த நூலகத்துக்குச் சொந்தமான ஒரு பிரதி." "ஒரு வரி என்பது ஓர் உறுப்பினர் ஒரு பிரதியை ஒருமுறை எடுத்துச்சென்றது." இப்படி ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால், நடுவே "அல்லது" என்று போட வேண்டியிருந்தால், அந்த அட்டவணைக்குள் இரண்டு உருபொருள்கள் இருக்கின்றன என்று பொருள்.

எழுதிய வாக்கியங்களை எடுத்துக்கொண்டு போய், நாள்தோறும் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுகிறவரிடமும், கவுண்டரில் உட்கார்ந்து நூல் கொடுத்து வாங்குகிறவரிடமும் படித்துக் காட்டுங்கள். விதிவிலக்குகள் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அட்டை மாறிப்போன பிரதி, இரண்டு நூல்களைச் சேர்த்துக் கட்டிய பழைய பைண்டு, ஆசிரியர் பெயரே இல்லாத துண்டு வெளியீடு என்று அவர்கள் சொல்லச் சொல்ல உங்கள் வரைபடம் திருந்தும். வாக்கியம் சரியில்லை என்று அவர்கள் சொன்னால், வாதாடாமல் வரைபடத்தை மாற்றுங்கள். தரவு ஏறாத காலத்தில் ஒரு கோட்டை அழித்து மறுகோடு போட்டால் போதும். ஆயிரக்கணக்கான வரிகள் ஏறிய பிறகு அதே மாற்றத்துக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும், அதுவரை சிரமப்படுவது வாசகர்தான். ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் நூலகரோடு உட்காருங்கள், கேளுங்கள், எழுதுங்கள்.